கொழும்பில் பழைய இராணுவ ரவைப் பைகளைச் சேகரித்தல்: ஒரு கேள்விக்கு விரிவான பதில்

வெள்ளவத்தையில் வசிக்கும் அன்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இலங்கைப் பாதுகாப்புப் படையில் சேவையாற்றிய அவருடைய பாட்டனாரின் தகரப் பெட்டியை அண்மையில் திறந்தபோது, முதுகில் பித்தளைக் கொக்கிகளும் மேலே மாவு போன்ற பச்சைத் தூசும் கொண்ட தடித்த காக்கித் துணிப் பைகள் இரண்டும், சற்றே வளைந்த இரும்புக் கூடு ஒன்றும் கிடைத்தனவாம். அவை எவை, எப்படித் துப்புரவு செய்வது, இவற்றையே தொடக்கமாகக் கொண்டு பழைய இராணுவ ரவைக்கூடுகளையும் (துப்பாக்கிக்குள் ரவைகளை, அதாவது தோட்டாக்களை, ஊட்டும் கூடுகள்) பைகளையும் சேகரிக்கலாமா, வேண்டியவற்றை இங்கிலாந்திலிருந்து தபாலில் வரவழைக்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

இரும்புக் கூட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது காத்திருக்கக் கூடாத விடயம். நீங்கள் விவரித்த வடிவத்தைப் பார்த்தால் அது பிரென் இலகு இயந்திரத் துப்பாக்கியின் ரவைக்கூடாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதனை ஒரு பழம்பொருளாக மேசைமேல் வைத்து விற்பதைக் கண்டு, இங்கும் அப்படித்தான் என்று எண்ணிவிடக் கூடாது. இலங்கையில் துப்பாக்கிகளை அனுமதிப்பத்திரத்துக்கு உட்படுத்தும் சட்டம் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். 1996 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதன் தண்டனைகளைக் கடுமையாக்கியது. 1966 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டம் தாக்குதல் ஆயுதங்களைத் தனியாகக் கையாள்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக, தானியங்கித் துப்பாக்கி ஒன்றின் உறுப்பு தமிழ்க் குடும்பமொன்றின் அலுமாரியில் கண்டெடுக்கப்பட்டால் முதலில் எழும் கேள்வி பழம்பொருள் ஆர்வத்தைப் பற்றியதாக இருக்காது என்பதை, 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில் வாழ்ந்த எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே அதனைப் பையில் போட்டுக்கொண்டு யாரிடமும் காட்டுவதற்காக எடுத்துச் செல்ல வேண்டாம். உள்ளே ரவை இருக்கிறதா என்று கிண்டிப் பார்க்கவும் வேண்டாம். எண்பது வருடங்கள் ஈரக்காற்றில் கிடந்த ரவை எப்படி நடந்துகொள்ளும் என்பதை எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. சட்டத்தரணி ஒருவரிடம் விடயத்தைக் கூறி, அவர் மூலமாகப் பொலிசாருக்கு எழுத்தில் அறிவித்து, அவர்களே வந்து எடுத்துச் செல்லும்படி செய்து, ஒப்படைத்ததற்கான பதிவின் பிரதியொன்றைப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். பைகளையும் அதே சட்டத்தரணிக்குக் காட்டிவிடுவது நல்லது. ரவைக்கூடு போய்விட்டதே என்று வருந்தத் தேவையில்லை. என் கணிப்பில், இவ்விரண்டில் சேகரிப்பாளருக்கு அதிகம் பேசும் பொருள் பைதான். இரும்புக் கூட்டில் ஓர் இலக்கமும் தயாரிப்பாளர் முத்திரையும் இருக்கும், அவ்வளவுதான். பையிலோ ஆண்டு, ஆலை, அரசு, அதைச் சுமந்தவரின் பெயர், அவர் படையணி பூசிய நிறம், அவருடைய இடுப்புப் பட்டி உரசிய தடம் ஆகிய அனைத்தும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும்.

இனிப் பையின் வடிவத்துக்கு வருவோம். உங்களிடம் இருப்பவை, பிரித்தானியப் படையின் 1937 ஆம் ஆண்டு மாதிரி வெப்பிங் (தடித்த பருத்தி நெசவாலான பட்டிகளும் பைகளும்) தொகுதியைச் சேர்ந்த அடிப்படைப் பைகள் என்றே நினைக்கிறேன். இவை ஏன் இவ்வளவு பெரியவை என்பதை விளங்கிக்கொள்ள அதற்கு முந்திய பைகளைப் பார்க்க வேண்டும். பிரித்தானியச் சிப்பாயின் லீ-என்பீல்ட் துப்பாக்கியின் ரவைக்கூடு பத்து ரவைகள் கொள்வது. கழற்றக்கூடியதாயினும், அது கழற்றப்பட்டது துப்புரவுக்காகவே. சிப்பாய் மேலதிக ரவைக்கூடுகளைச் சுமக்கவில்லை. ஐந்து ரவைகளை ஒரு தகட்டில் கோத்த சார்ஜர்களைச் சுமந்து, மேலிருந்து அழுத்தி நிரப்பினார். அதனால் 1908 ஆம் ஆண்டு மாதிரித் தொகுதியில் பத்துச் சிறு பைகள் மட்டுமே இருந்தன: ஒவ்வொன்றிலும் மூன்று சார்ஜர், ஆக மொத்தம் 150 ரவைகள். முதலாம் உலகப் போரைச் சந்தித்தது அந்தத் தொகுதி.

பிரென் வந்தபின் கணக்கே மாறியது. செக்கோஸ்லோவாக்கியாவின் பர்னோ நகரில் உருவான துப்பாக்கியொன்றை அடிப்படையாகக் கொண்டு, இங்கிலாந்தின் என்பீல்டில் தயாரிக்கப்பட்டது அது. இரண்டு ஊர்ப் பெயர்களின் முதலிரு ஆங்கில எழுத்துகளும் சேர்ந்தே அதன் பெயராயின. மூலத் துப்பாக்கியின் ரவைக்கூடு நேரானது, இருபது ரவைகளுக்கானது. பிரித்தானியரின் .303 ரவைக்கு அடியில் விளிம்பு புடைத்திருக்கும். அத்தகைய ரவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது அடுக்கு தானாகவே வளைந்துவிடும், ஆகையால் கூடும் வளைந்தது. முப்பது ரவைகளுக்கு என்று செய்யப்பட்டாலும், உள்ளிருக்கும் சுருள்வில்லின் விசையையும் விளிம்புகள் ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ளும் ஆபத்தையும் கருதி இருபத்தெட்டே நிரப்புவது வழக்கமாயிற்று. மேல் ரவையின் விளிம்பு கீழ் ரவையின் விளிம்புக்கு முன்னால் அமைய வேண்டும். மாறி அமைந்தால் துப்பாக்கி அடைத்துக்கொள்ளும். (1942 மே மாதத்தில் இந்து சமுத்திரத்தின் கொக்கோஸ் தீவுகளில் சிலோன் கரிசன் ஆர்ட்டிலரி என்ற இலங்கைப் பீரங்கிப் படை வீரர்கள் நடத்திய கிளர்ச்சியின்போது அவர்கள் கையிலிருந்த பிரென் அடைத்துக்கொண்டதாகவே அந்நிகழ்வைப் பற்றிய வரலாறுகள் கூறுகின்றன. காரணம் எதுவாயினும், கிளர்ச்சித் தலைவர் கிரேஷன் பெர்னாண்டோவும் அவருடைய தோழர் இருவரும் அதே ஆண்டு ஆகஸ்டில் தூக்கிலிடப்பட்டனர்.)

இந்தத் துப்பாக்கியின் பசியை ஒருவரால் மட்டும் தீர்க்க முடியாது. எனவே பிரிவிலுள்ள ஒவ்வொரு துப்பாக்கி வீரரும் தம் பைகளில் பிரென்னுக்கான ரவைக்கூடுகளைச் சுமந்து, தேவைப்படும்போது அதனை இயக்குபவருக்குக் கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. உங்கள் பை அந்த அளவில் இருப்பதற்குக் காரணம் அதுவே: ஒரு பையில் இரண்டு பிரென் ரவைக்கூடுகள் நிமிர்ந்து நிற்க வேண்டும். சிப்பாயின் சொந்தத் துப்பாக்கிக்காக அமைக்கப்பட்ட பை அன்று அது. இன்னொருவரின் துப்பாக்கிக்காக எல்லோரும் மார்பில் சுமந்த பை. கையெறி குண்டும், தொம்சன் துப்பாக்கியின் இருபது ரவைக் கூடுகளும் அதே பைக்குள் போயின. பின்னர் ஸ்டென் துப்பாக்கியின் நீண்ட, நேரான, முப்பத்திரண்டு ரவைக் கூடு வந்து, மூடியைச் சரியாகப் பூட்ட முடியாமல் போனதால், மூன்றாம் குறியீட்டுப் பை, அதாவது அப்பையின் மூன்றாவது வடிவம், சற்று நீட்டித் தைக்கப்பட்டது. உங்கள் இரு பைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று மற்றதைவிட நீளமாக இருந்தால் நெட்டையானது போரின் பிற்பகுதியைச் சேர்ந்ததாகலாம்.

ஒரு சந்தேகத்தையும் இங்கே எழுப்பிவிடுகிறேன். பாட்டனார் காலாட்படையில் அன்றிப் பீரங்கிப் படையிலோ போக்குவரத்துப் பிரிவிலோ இருந்திருந்தால், அவருக்கு அடிப்படைப் பை கிடைத்திருக்க வேண்டியதில்லை. காலாட்படை அல்லாதோருக்கு ரவை தாங்கி என்ற சிறிய பொருளே வழங்கப்பட்டது: பக்கத்தில் பக்கமாக இரண்டு அறைகள், அறைக்கு இரண்டு சார்ஜர், ஒரு சோடியில் நாற்பது ரவைகள். உங்கள் பைகள் உள்ளங்கை அகலமே உள்ள இரட்டை அறைகளாக இருந்தால் அவை ரவை தாங்கிகள்தாம்; அவற்றுக்கும் அந்தப் பிரென் ரவைக்கூட்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அதே தொகுதியின் கைத்துப்பாக்கி ரவைப் பையையும் திசைகாட்டிப் பையையும் விற்பவர்களே அடிக்கடி மாற்றிச் சொல்வதுண்டு. உள்ளே மெத்தை போன்ற பஞ்சுறை தைத்திருந்தால் அது திசைகாட்டிக்கானது.

அடுத்து முத்திரைகள். மூடியைத் தூக்கி அதன் உட்புறத்தையும், பின்னர் முதுகுப் பக்கத்தையும் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பு மையில் ஆலையின் சுருக்கப் பெயரும் நான்கு இலக்க ஆண்டும், மூன்று கோடுகள் ஒரு முனையில் கூடும் அம்புக்குறியும் காணப்பட வேண்டும். அம்பு பிரித்தானிய அரச உடைமைக்கான குறி. அது ஆங்கிலத்தின் சீ எழுத்துக்குள் அடங்கியிருந்தால் கனடா. யூ எழுத்துக்குள் இருந்தால் தென்னாபிரிக்கா. இரு பக்கமும் டீ எழுத்து நின்றால் அவுஸ்திரேலியா. எம்.ஈ.கோ. என்பது இத்தகைய நெசவு முறைக்கே பெயர்பெற்ற மில்ஸ் எக்குவிப்மன்ட் கம்பனி. இந்தியாவில் நெய்யப்பட்டவை பெரும்பாலும் சற்றுத் தளர்வான, சொரசொரப்பான இழையுடையவை. பலர் அவற்றை மட்டமானவை என்று தள்ளிவிடுகிறார்கள். நான் அப்படி நினைப்பதில்லை. கிழக்கில் நடந்த போரின் சரக்கு பெருமளவில் அங்கிருந்துதான் வந்தது, இலங்கைக்கு அது அந்நியப் பொருளும் அன்று.

கொழும்பில் இத்தனை நாட்டு முத்திரைகளும் அகப்படக்கூடியதற்குத் தகுந்த வரலாற்றுக் காரணம் உண்டு. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் இத்தீவு திடீரென முன்னணியானது. ஏப்ரல் 5 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மத்திய கிழக்கிலிருந்து தாயகம் திரும்பிக்கொண்டிருந்த அவுஸ்திரேலியாவின் 16 ஆம், 17 ஆம் படையணிகள் அவ்வாண்டு மார்ச் முதல் ஜூலை வரை இங்கே நிறுத்திவைக்கப்பட்டன. கிழக்கு ஆபிரிக்கப் படைகள் வந்தன. இந்தியாவின் 34 ஆம் டிவிசன் இத்தீவின் காப்புக்கென்றே அமைக்கப்பட்டது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைக்கு வந்து சேர்ந்தது. இவர்கள் விட்டுச்சென்ற, மாற்றிக்கொண்ட, மருத்துவமனைகளில் கழற்றிவைத்த உபகரணங்கள் ஊரெங்கும் பரவின. ஆகையால் உங்கள் பைகளில் ஒன்று இங்கிலாந்து 1940 என்றும் மற்றது இந்தியா 1943 என்றும் இருந்தால் ஏமாற வேண்டாம். கிடங்கிலிருந்து கிடைத்ததை வாங்கி அணிந்த வீரரின் உண்மையான சோடி அதுவே. ஒரே ஆலை, ஒரே ஆண்டு என்று பொருத்தி விற்கப்படும் சோடிகளில் பல, வியாபாரி தன் மேசையில் உருவாக்கிய திருமணங்கள்.

இலங்கையை ஜப்பானியத் தரைப்படை மிதிக்கவில்லை. எனவே ஜப்பானியத் தோற்பை ஒன்று, அதாவது முன்புறத்தில் முப்பது முப்பதாக இரண்டும் பின்புறத்தில் அறுபது ரவைகளுக்கான பெரியதும் என அணியப்பட்டவற்றுள் ஒன்று, உங்களுக்குக் கொழும்பில் காட்டப்பட்டால், அது பர்மாவிலிருந்து எவரோ கொண்டுவந்ததாக இருக்க வேண்டும். அந்தக் கதையை விற்பவரால் சொல்ல முடிகிறதா என்று கேளுங்கள். ஜெர்மானிய எம்.பி.40 துப்பாக்கியின் மூன்றறைச் சாய்வுப் பைகளைப் பற்றி ஒரே வார்த்தை: இங்கே வேண்டாம். உலகில் மிக அதிகமாகப் போலி செய்யப்படும் பைகளில் அவையும் அடங்கும்.

போலியை இனங்காண்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை. இரண்டாவது பையை வாங்கப் புறப்படும் நாளில் அது தேவைப்படும் என்பதால் சொல்கிறேன். போர்க்காட்சிகளை மீள நடித்துக் காட்டுவோருக்காக 1937 மாதிரிப் பைகள் இன்றும் புதிதாகத் தைக்கப்படுகின்றன. அது குற்றமன்று, ஆனால் அவை தேயிலைச் சாயத்தில் முக்கப்பட்டுப் பழையனவாக மறுபிறவி எடுக்கின்றன. சாயம் எங்கும் ஒரே அளவில் ஏறும். உண்மையான தேய்மானம் ஒருபோதும் அப்படி வருவதில்லை. முதுகிலுள்ள இரு பித்தளைக் கொக்கிகள் பட்டியை அழுத்திய இடத்தில் துணி மினுங்கும். மூடியின் ஓரம், விரல் படும் இடத்தில் மட்டும், நூல் தெரியத் தேய்ந்திருக்கும். பொத்தானைச் சுற்றிப் பித்தளையின் பச்சைக் களிம்பு துணிக்குள் ஊறியிருக்கும். புற ஊதா விளக்கில் பிடித்தால் புது நூல் நீலமாக ஒளிரும் என்பார்கள். அது பெரும்பாலும் உண்மை, ஆனால் ஒரு விதிவிலக்குடன்: இக்காலச் சலவைத் தூளில் ஒருமுறை தோய்த்த உண்மையான பழைய பையும் அதே போல ஒளிரும். ஆகவே ஒளிர்வதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒளிராமை ஓரளவு நம்பத்தக்க சாட்சி.

சலவையைப் பற்றி எச்சரிக்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. உங்கள் கேள்வியில் துப்புரவு என்ற சொல்லைக் கண்டதுமே எனக்குக் கவலை வந்தது. பைகளின் மேல் மாவு போலப் படிந்திருப்பதாக நீங்கள் கூறும் பச்சைத் தூசு அழுக்கன்று, அது பிளாங்கோ. வெப்பிங்கை ஒரே நிறமாகக் காட்டுவதற்காக வீரர்கள் தண்ணீரில் குழைத்துத் தூரிகையால் பூசிய கட்டி அது. வெவ்வேறு பச்சைகளுக்கு வெவ்வேறு இலக்கங்கள் இருந்தன. படையணி மாறினால் நிறமும் மாறும். மடிப்பின் உள்ளே வெளிர் மஞ்சளும் வெளியே கரும் பச்சையும் காணப்பட்டால், அந்தப் பை இரண்டு கட்டளைகளின் கீழ் வாழ்ந்திருக்கிறது என்று பொருள். தண்ணீர் பட்டால் இந்தப் பூச்சு கரைந்து போகும், அதோடு முத்திரை மையும் மங்கும், பருத்தி நெசவும் சுருங்கும். மென்மையான உலர்ந்த தூரிகையால் பூஞ்சையையும் தளர்ந்த தூசையும் மட்டும் தட்டி எடுங்கள். முகத்துக்குக் கவசம் அணிந்துகொள்ளுங்கள். பித்தளையைப் பிராசோ போட்டு மினுக்க வேண்டாம். அந்தத் திரவம் துணியில் வெள்ளையாகக் காய்ந்து நின்றுவிடும், பின்னர் அதை எடுக்க வழியில்லை. பச்சைக் களிம்பு கட்டியாக இருந்தால் மூங்கில் குச்சியின் முனையால் சுரண்டினால் போதும்.

கொழும்பின் காற்றே உங்கள் பெரிய எதிரி, அதிலும் வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் என்றால் உப்பும் சேர்கிறது. தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையிலான மாதங்களில் மூடிய அலுமாரிக்குள் பருத்தி இரண்டே வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். பொலித்தீன் பையில் கட்டிவைப்பது பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். அது உள்ளிருக்கும் ஈரத்தை வெளியேற விடாமல் பூஞ்சைக்குப் பந்தல் போட்டுக் கொடுப்பது மட்டுமே. கஞ்சி போடாத பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, காற்றோட்டமுள்ள தட்டில், சுவரைத் தொடாமல் வையுங்கள். நன்றாக மூடும் பெட்டிதான் வேண்டுமென்றால் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு, அதனை மாதந்தோறும் சூடாக்கி உலர்த்தி மாற்ற வேண்டும். மாற்றாத சிலிக்கா ஜெல் வெறும் மணல். அந்துருண்டை வேண்டாம். பையின் வடிவம் குலையாதிருக்க உள்ளே துணியைச் சுருட்டி அடைத்து வையுங்கள். மரத்தில் போலி ரவைக்கூடு கடைந்து வைக்கும் வழக்கம் மேல்நாட்டுச் சேகரிப்பாளரிடம் உண்டு. எங்கள் நாட்டில் வீட்டைச் சோதிக்க வருபவருக்கு மரம் எது, இரும்பு எது என்று விளக்கிக்கொண்டிருப்பது தேவையற்ற வேலை.

தோற்பொருள் இதைவிடச் சிரமமானது. 1914 ஆம் ஆண்டு மாதிரித் தோற்பைகள் எப்போதாவது மலைநாட்டுத் தோட்ட பங்களாக்களின் ஏலத்தில் வரும். தொட்டால் செந்தூள் விரலில் ஒட்டினால் தோலின் நார் சிதைந்துவிட்டது. எண்ணெய் தடவினால் மேலும் கறுத்துக் குழையுமே தவிர மீளாது. அத்தகையதை வாங்காமல் விடுவதே உத்தமம். இதற்கு மாறாக, 1944 ஆம் ஆண்டு மாதிரி வெப்பிங், காட்டுப் போருக்கென்று உக்காதபடி பதப்படுத்தி, கரும் பச்சையில், பாரம் குறைந்த கலப்புலோகக் கொக்கிகளோடு செய்யப்பட்டதால், எங்கள் சுவாத்தியத்தில் மற்றவற்றைவிட நன்றாகவே தாக்குப்பிடிக்கிறது.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதைப் பற்றி. ரவைக்கூடு, சார்ஜர், வெற்று ரவைக்கோது, இவற்றின் போலி வடிவம் எதுவானாலும் தபாலில் கேட்கவே கேட்காதீர்கள்; விற்பவர் சட்டபூர்வமானது என்று எழுதுவது அவருடைய நாட்டைப் பற்றி மட்டுமே. துணிப் பையாயினும், முன்கூட்டியே சுங்கத்திடமும் பாதுகாப்பு அமைச்சிடமும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் வந்த பதிலைக் கோவையில் வைத்துக்கொண்ட பின்னரே பணம் அனுப்புங்கள். புள்ளிக்கோல உருமறைப்புத் துணியையும், இன்றைய படைகள் அணிவதைப் போன்ற எதையும், அண்மைய முப்பது வருடப் போரின் எச்சமாகத் தோன்றும் எதையும் சேகரிப்புக்குள் கொண்டுவர வேண்டாம். அவை எவருடைய துயரத்திலிருந்து வந்தவை என்பது ஒருபுறம் இருக்க, அவற்றை வைத்திருப்பவர் தம் பாட்டனாரின் காக்கிப் பைகளையும் அதே சந்தேகத்துக்குள் இழுத்து விடுகிறார். 1949 ஒக்டோபரில் இலங்கை இராணுவம் அமைவதற்கு முந்தியவை மட்டும் என்று ஒரு கோடு போட்டுக்கொண்டால் தொகுப்புக்கும் ஓர் ஒழுங்கு வரும், விளக்கம் சொல்லவும் இலகு.

விலையைப் பொறுத்தவரை, பெயரும் படை இலக்கமும் எழுதப்பட்ட, பிளாங்கோ கலையாத, தேய்ந்த ஒரு பைக்கு, முத்திரை பளிச்சென்ற பயன்படாத பையைவிட நான் அதிகம் கொடுப்பேன்; சந்தை இதற்கு நேர்மாறாகவே மதிப்பிடுகிறது, அது உங்களுக்கு இலாபம். புறக்கோட்டையிலும் மருதானையிலும் பழைய இரும்பு, பழைய துணி விற்போரிடம் சொல்லி வைக்கலாம். ஆயினும் இப்பொருட்கள் உண்மையில் கிடைப்பது பழைய குடும்பங்களின் பெட்டிகளில்தான். அப்படிக் கிடைக்கும்போது, யார் கொடுத்தார், எவருடையது, எந்தப் படை, எந்த ஊர் என்பதை அன்றே ஓர் அட்டையில் பென்சிலால் எழுதிப் பையுடன் நூலால் கட்டிவிடுங்கள். பைமேல் எழுதவோ ஒட்டவோ கூடாது.

உங்கள் பாட்டனாரின் பைகளிலிருந்தே அதைத் தொடங்கலாம். மூடியின் உட்புறத்தையும் முதுகையும், அளவுகோலொன்றைப் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். மையில் ஓர் இலக்கம் தெரிந்தால் அது படை இலக்கமாக இருக்கலாம். வீட்டிலுள்ள அவருடைய பதக்கப் பத்திரம், விடுவிப்புச் சான்றிதழ், பழைய கடித உறைகள் ஆகியவற்றோடு அதனை ஒப்பிட்டுப் பாருங்கள். கொழும்பு 7 இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் போர்க்காலப் பத்திரிகைகளைப் புரட்டினால் அவருடைய படையணி எந்த மாதம் எங்கே நின்றது என்பதற்கும் தடயம் கிடைக்கக்கூடும். படையணியின் பெயர் தெரிந்தால், அவை அடிப்படைப் பைகளா, ரவை தாங்கிகளா என்ற கேள்விக்கும் பாதி விடை வந்துவிடும்.